நகத்தளவுத் தேரைக்குட்டி: இனம் காண்பதும் பேணுவதும்

வாசகர் கேள்வி: மூன்று நாள்களுக்கு முன் மழை விட்டதும், வீட்டுக்குப் பின்னாலுள்ள குளக்கரைப் புல்லில் என் பத்து வயது மகன் மூன்று குட்டித் தவளைகளைப் பிடித்து வந்தான். இரண்டு, விரல் நகத்தைவிடச் சிறியவை. கறுப்பும் பழுப்புமாக, தோல் சொரசொரப்பாக இருந்தன. மூன்றாவது சற்றுப் பெரியது, வழவழப்பானது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. பல மாதங்களாகக் காலியாகக் காய்ந்து கிடந்த மீன் தொட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குக் குழாய் நீர் ஊற்றி, கொஞ்சம் புல்லும் போட்டு மூன்றையும் விட்டோம். ரொட்டித் துணுக்கு, மீன் உணவு எதையும் அவை தொடவில்லை. இன்று காலை சிறியவற்றில் ஒன்று இறந்து கிடந்தது. இவை என்ன இனம்? விஷமுள்ளவையா? என்ன கொடுத்து வளர்க்கலாம்? வீட்டில் நாய் இருக்கிறது. அதற்கு ஆபத்து உண்டா?

கால்நடை மருத்துவர் பதில்: இனம் என்ன என்பதை முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் அதை இரண்டாவதாக எடுத்துக்கொள்கிறேன். மிஞ்சியிருக்கும் இரண்டும் பிழைக்க வேண்டுமானால், பெயர் தெரிவதற்கு முன்பே, இந்தப் பதிலைப் படித்த கையோடு செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

தொட்டியிலுள்ள தண்ணீரை முழுவதுமாக அகற்றிவிடுங்கள். தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து கரையேறிய தேரைக்குட்டி நீர்வாழ் உயிரன்று. செவுள் மறைந்து, நுரையீரலாலும் தோலாலும் மூச்சு விடத் தொடங்கிவிட்ட உயிர் அது. ஏறி உட்கார இடமில்லாமல் இரண்டு விரல் ஆழ நீரில் இரவு முழுவதும் நீந்த நேர்ந்தால் களைத்து மூழ்கிவிடும். குளத்தில் பிறந்த குட்டி தண்ணீரில் சாகுமா என்று பலர் வியப்பதுண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ளவற்றை வைத்துப் பார்த்தால், இறந்த குட்டிக்கு நேர்ந்தது பெரும்பாலும் அதுதான். உணவில்லாமையும் குழாய் நீரிலுள்ள குளோரினும் அதை விரைவுபடுத்தியிருக்கலாம்.

அடுத்து, இரண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள். காற்றோட்டத்துக்கு ஊசித் துளையிட்ட மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் இப்போதைக்குப் போதும். அடியில் வெள்ளைக் காகிதத் துவாலையை நனைத்துப் பிழிந்து விரித்து, மேலே காய்ந்த இலைகள் இரண்டு மூன்றைப் போட்டு, நிழலான, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வையுங்கள். சன்னலோரத்து வெயில் சிறிய டப்பாவைச் சில நிமிடங்களில் அடுப்பாக்கிவிடும். வெயில் படாத தரைப்பகுதி ஏறக்குறைய எப்போதும் நல்ல இடமே. தண்ணீருக்கு ஒரு பாட்டில் மூடி போதுமானது. அதில் நீரின் ஆழம் குட்டியின் தாடையைத் தாண்டக் கூடாது; உள்ளே ஒரு கூழாங்கல்லையும் போட்டுவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். தவளைகளும் தேரைகளும் வாயால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலை ஈரத்தில் படியவைத்து, அதன் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. ஈரத்தோடு சேர்ந்து அதில் கரைந்திருக்கும் அனைத்தும் அதே வழியில் உடலுக்குள் போகின்றன. குழாய் நீரில் குளோரின் மட்டும் கலந்திருந்தால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். பல நகரங்களில் கலக்கப்படும் குளோராமின் அப்படிப் போகாது. மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் குளோரின் நீக்கியைச் சேர்த்தாக வேண்டும். மழைநீர் சுத்தமாகக் கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். உப்புகள் அறவே நீக்கப்பட்ட காய்ச்சி வடித்த நீரில் இவற்றை ஊறவைக்க வேண்டாம். அது உடலிலுள்ள உப்புகளின் சமநிலையைக் குலைக்கும்.

கையும் அப்படித்தான். சோப்பு, கிருமிநாசினி, கொசு விரட்டிக் களிம்பு, வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவற்றின் மிச்சம் உள்ளங்கையில் இருந்தால், அது இவ்வளவு சிறிய உடலுக்கு நஞ்சாகவே அமையும். தொட வேண்டிய கட்டாயம் வந்தால், வெறும் நீரில் நன்றாக அலசிய ஈரக் கையால், அல்லது பவுடர் பூசாத கையுறையை நனைத்து அணிந்து தொடுங்கள். அதைவிட நல்லது, ஒரு சிறிய கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி இடம் மாற்றுவது. வேலை முடிந்ததும் மகனும் நீங்களும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நோய்க்குறி எதுவும் இல்லாத தவளையும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்து திரியக்கூடும்.

இனி இனம் காண்பதற்கு வருவோம்.

உலகில் தவளை, தேரை இனங்கள் 7,500-க்கும் மேல். அவற்றில் உண்மைத் தேரைக் குடும்பம் எனப்படும் பியூஃபோனிடேயில் மட்டும் 600-க்கும் அதிகமான இனங்கள் உண்டு. வளர்ந்த தேரையை அடையாளம் காண உதவும் குறிகள் பலவும் ஒரு சென்டிமீட்டர் நீளக் குட்டியில் இன்னும் தோன்றியிருக்காது. கண்ணுக்குப் பின்னால் அவரை விதைபோல் புடைத்துத் தெரிய வேண்டிய பரோட்டாய்டு சுரப்பி குட்டியில் தட்டையாகவோ கண்ணுக்கே புலப்படாமலோ இருக்கும். தலையின் எலும்பு முகடுகள் வளர்ந்திருக்காது. செவிப்பறை தோலுக்கடியில் மங்கிக் கிடக்கும். நிறத்தை நம்பவே கூடாது; ஒரே குட்டி ஈரமண்ணில் கறுத்தும் காய்ந்த இலைமேல் வெளிறியும் தெரியும். ஒரு புகைப்படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன இனம் என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் பிடிபட்ட இடத்தையும் கணக்கில் எடுத்தாரா என்று கேட்டுப் பாருங்கள். குட்டிகளின் விஷயத்தில், உருவத்தைவிட, அந்த இடத்தில் என்னென்ன இனங்கள் வாழ்கின்றன என்ற பட்டியலே பாதி விடையைத் தந்துவிடும்.

ஆயினும் குடும்பம் வரைக்குமாவது போய்விட முடியும். மிஞ்சியிருக்கும் சிறியதை ஒளி ஊடுருவும் டப்பாவில் விட்டு, பூதக்கண்ணாடியால் மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலும் பாருங்கள். பின்னங்கால்கள் குட்டையாகவும் உடல் தடித்தும் இருந்து, தாவும்போது தன் உடல்நீளத்தைப் போல ஓரிரு மடங்கே தாண்டி, இடையிடையே நடக்கவும் செய்தால் அது தேரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணின் பாவை கிடைமட்டமாக, படுத்த நீள்வட்டமாக இருக்கும். மாறாகச் செங்குத்தான கீற்றாக இருந்து, பின்பாதத்தின் உட்பக்கத்தில் மண்வெட்டி போன்ற கறுத்த விளிம்பும் தெரிந்தால், அது மண்ணைத் தோண்டிப் புதையும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. தலை சிறுத்துக் கூம்பி, உடல் மட்டும் உப்பித் தெரிந்தால் குறுவாய்த் தவளை. அது பெரும்பாலும் எறும்பையும் கரையானையும் தின்று வாழ்வது. கால்கள் நீண்டு, தோல் வழுவழுத்து, ஒரே தாவலில் டப்பாவின் மூடியை முட்டினால் அது தவளைகளில் ஒன்று.

மற்றவர் உதவியுடன் இனப்பெயர் வரை போக விரும்பினால் படங்களை முறையாக எடுங்கள். முதுகு, தலையின் பக்கவாட்டு, வயிறு, பின்பாதத்தின் அடிப்புறம் ஆகிய நான்கும் தெளிவாக வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். பிடித்த இடம், நாள், அருகில் இருந்தது குளமா, ஓடையா, வயலா என்பதையும் குறித்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இயற்கைப் பதிவுத் தளத்தில் இட்டால் அந்தப் பகுதி இனங்களை அறிந்தவர்கள் பார்ப்பார்கள். நுணுக்கமான குறிகள்தாம் பல சமயம் முடிவைத் தருகின்றன. வட அமெரிக்காவில், அமெரிக்கத் தேரையின் முதுகிலுள்ள ஒவ்வொரு கரும்புள்ளிக்குள்ளும் ஒன்றிரண்டு பருக்களே இருக்கும். அதன் உறவான ஃபௌலர் தேரையின் பெரிய புள்ளிகளில் மூன்றோ அதற்கு மேலோ இருக்கும். ஆசியாவில் பரவலாகக் காணப்படும் ஆசியப் பொதுத்தேரைக்குத் தலையின் முகடுகளில் கரிக்கோடு இட்டாற்போல் கறுப்பு விளிம்பும், விரல்நுனிகளில் கறுப்பும் தெரியும். இவை எல்லாம் வளர்ந்தவற்றில்தான் துலக்கமாகப் புலப்படும். குட்டியிடம் அவற்றைத் தேடி ஏமாற வேண்டாம்.

இனத்தை அறிவது வெறும் ஆர்வத்துக்காக மட்டுமன்று. கரும்புத் தேரை 1935-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு இன்றுவரை பரவிக்கொண்டிருக்கிறது. தன் தாயகத்தில் யாருக்கும் தொல்லையில்லாத ஆசியப் பொதுத்தேரை மடகாஸ்கரில் நுழைந்திருப்பது 2014-இல் வெளியே தெரியவந்தது. வேற்றிடத்திலிருந்து வந்து பரவும் இனம் உங்கள் கையில் இருந்தால், அதைத் திரும்ப விடுவதா கூடாதா என்ற முடிவே மாறிவிடும். அப்போது உள்ளூர் வனத்துறை அல்லது வனவிலங்கு அலுவலகம் சொல்வதே இறுதி. ஆகவே படம் எடுத்துக் கேட்பதில் சோம்பல் வேண்டாம்.

உங்கள் மூன்றாவது பிடி, கண்ணாடியில் ஒட்டி ஏறுவது, தேரையே இல்லை. விரல்நுனிகளில் வட்டமான தட்டுகள் விரிந்திருக்கும். பெரும்பாலும் அது மரத்தவளைகளில் ஒன்றின் குட்டியாக இருக்கும். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், தேரைக்கும் மரத்தவளைக்கும் ஒரே டப்பா பொருந்தாது. ஒன்றுக்குத் தரையும் மறைவும் வேண்டும். மற்றதற்கு உயரமும் கிளையும் இலையும் வேண்டும். தேரையின் தோலில் சுரப்பது, நெருக்கமான இடத்தில் ஒரே நீரைப் பகிரும் மற்றத் தவளைக்குத் தீங்கு செய்யலாம். அளவில் பெரியது சிறியதை விழுங்குவதும் இவ்வுலகில் சாதாரணம். வாயில் நுழைவது அசைந்தால் அது இரை என்பதே அவற்றின் கணக்கு.

அந்தக் கணக்கிலேயே உங்கள் உணவுக் கேள்விக்கும் விடை இருக்கிறது. ரொட்டித் துணுக்கு அசையவில்லை. ஆகவே குட்டியைப் பொறுத்தவரை அது உணவே இல்லை. மீன் உணவும் அப்படியே. தலைப்பிரட்டையாக இருந்தபோது பாசியைச் சுரண்டித் தின்ற அதே உயிர், கால் முளைத்துக் கரையேறியபின் உயிருள்ள, அசையும் பூச்சிகளை மட்டுமே உண்ணும். வாலின் முளை இன்னும் மிச்சமிருக்கும் குட்டியாக இருந்தால் எதையும் கொடுக்கத் தேவையில்லை. வாலே கரைந்து அதற்கு உணவாகிறது, வாய் இன்னும் முழுமையாக மாறியிருக்காது. வால் மறைந்த பிறகு பசி தொடங்கும், அதன்பின் தாமதிக்கக் கூடாது. சென்டிமீட்டர் நீளக் குட்டியின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். வளர்ந்த தேரை வாரக்கணக்கில் பட்டினியைத் தாங்கும். இந்த உடலில் அதற்கான சேமிப்பு கிடையாது.

இரையின் அளவுக்கு ஒரு விதி உண்டு: குட்டியின் இரு கண்களுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது. அந்த விதிப்படி பார்த்தால், உங்கள் தேரைக்குட்டிக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்டவையே பொருந்தும். மட்கிய இலைக்குவியலைக் கிளறினால் துள்ளும் ஸ்பிரிங்டெயில் என்ற நுண்பூச்சிகள், செடித் துளிரில் மொய்க்கும் அசுவினி, சின்னஞ்சிறு கரையான், முட்டையிலிருந்து அன்றே வெளிவந்த சில்லுவண்டுக் குஞ்சு, பழ ஈ ஆகியவை ஏற்றவை. பழ ஈயை வீட்டிலேயே பெருக்கலாம். கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தை ஒரு புட்டியில் இட்டுத் திறந்து வைத்தால் ஓரிரு நாளில் ஈக்கள் வந்து சேரும். பின் வாயைத் துணியால் கட்டிவிட்டால், இதமான வெப்பத்தில் பத்து பன்னிரண்டு நாள்களில் அடுத்த தலைமுறை வெளிவரும். பறக்காத வகைப் பழ ஈ ஆய்வகங்களிலும் செல்லப்பிராணி வளர்ப்போரிடமும் கிடைக்கும், சமாளிக்க எளிது. பூச்சிமருந்து அடித்த தோட்டத்திலிருந்து எதையும் பிடித்து வராதீர்கள். மின்மினியையும் தவிர்த்துவிடுங்கள், அதன் உடலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு.

குட்டிக்கு நாள்தோறும் உணவு வேண்டும். கால் மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். மிஞ்சிய சில்லுவண்டை உள்ளேயே விட்டால் அது இரவில் குட்டியின் தோலைக் கடிக்கும். உண்ணும்போது மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சி அசைந்ததும் தேரை உடலைத் திருப்பி, தலையைச் சாய்த்து உற்றுநோக்கும். பின்னங்காலின் நீண்ட விரல் மட்டும் படபடவென்று துடிக்கும். அடுத்த நொடியில், வாயின் முன்புறத்தில் ஒட்டியிருக்கும் நாக்கு வெளியே மடங்கி விழுந்து இரையை ஒட்டிக்கொண்டு திரும்பும். விழுங்கும்போது இரு கண்களும் தலைக்குள் அமிழும்; கண்ணுருண்டைகளே இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. தேரைக்குப் பல்லே கிடையாது. நோய் கண்டறிவதற்கும் இந்தக் காட்சி எனக்குப் பெரிதும் பயன்படுகிறது: குறிபார்த்து நாக்கை வீசியும் மீண்டும் மீண்டும் இரையைத் தவறவிடும் தேரையை வைட்டமின் ஏ பற்றாக்குறை உள்ளதாகச் சந்தேகிக்கிறோம். நாக்கின் பசைத்தன்மை அந்தக் குறைபாட்டால் போய்விடுகிறது.

காட்டில் ஒரு குட்டி பலவகைப் பூச்சிகளை உண்கிறது. வீட்டில் பழ ஈயை மட்டுமோ சில்லுவண்டை மட்டுமோ தின்று வளர்கிறது. இந்தப் பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. சில வாரங்களில் தாடை மென்மையாகும், முதுகு வளையும், தாவும் வலிமை குன்றும். ஆகவே இரையைப் போடுவதற்கு முன், வைட்டமின் டி3 சேர்ந்த மெல்லிய கால்சியம் பொடியில் லேசாகப் புரட்டி எடுப்பதும், வாரம் ஒருமுறை வைட்டமின் ஏ நேரடியாக அடங்கிய மல்டிவைட்டமின் பொடியைத் தூவுவதும் வேண்டும். மனிதருக்கான மாத்திரைகளைப் பொடித்துத் தூவ வேண்டாம். அளவு சிறிது மிகுந்தாலும் நஞ்சாகும்.

சில நாள்களுக்கு மேல் வைத்திருக்க நேர்ந்தால், தேரைக்கு அகலமும் மரத்தவளைக்கு உயரமும் உள்ள பெட்டி தேவைப்படும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, உரமும் மருந்தும் கலக்காத மண்ணையோ தென்னை நார்த்தூளையோ பரப்பி, மேலே சருகும் ஒரு மரப்பட்டையும் இடுங்கள். ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் அதைவிடக் காய்ந்தும் இருக்கட்டும். குட்டியே தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும். சிறு சரளைக் கற்களைப் பரப்பாதீர்கள். இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். வெப்பமண்டல இனங்களுக்கு 22 முதல் 28 டிகிரி செல்சியசும், குளிர்நாட்டு இனங்களுக்கு அதைவிடச் சில டிகிரி குறைவாகவும் பொருந்தும். கழிவை நாள்தோறும் எடுத்து, தண்ணீரையும் நாள்தோறும் மாற்ற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத காரணம் ஒன்று இருக்கிறது. காட்டுத் தேரைகள் பலவற்றின் நுரையீரலில் ராப்டியாஸ் என்ற புழு வாழ்கிறது. திறந்த வெளியில் கழிவோடு வெளியேறும் புழுக்குஞ்சுகள் சிதறிப்போகின்றன. சிறிய பெட்டியில் அவை அதே தேரையின் தோலைத் துளைத்து மீண்டும் மீண்டும் உள்ளே நுழைந்து பெருகிவிடுகின்றன. குளக்கரையில் நலமாக இருந்த விலங்கு வீட்டில் மெலிவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அதற்கு மருந்து உண்டு. ஆனால் கழிவை நுண்ணோக்கியில் பார்த்து, எடைக்கேற்ப மருத்துவர் கொடுக்க வேண்டிய மருந்து அது. கால்நடைகளுக்கு வாங்கிய குடற்புழு மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டுப் பார்ப்பது கொலைக்குச் சமம்.

வயிறும் தொடையும் சிவந்துபோதல், தோல் அடுக்கடுக்காக உரிந்து தொங்குதல், கவிழ்த்துப் போட்டால் நிமிராமை, பகலில் வெட்டவெளியில் கால் பரப்பிக் கிடத்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காலம் தாழ்த்த வேண்டாம். நலமான தேரையும் தோலை உரித்துத் தானே விழுங்கும் என்பதால், ஒருமுறை உரிவதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. தவளை, தேரைகளின் தோலைத் தாக்கும், 1999-இல் விவரித்துப் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் நூற்றுக்கணக்கான இனங்களைச் சீரழித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் குறி எதுவுமின்றியே சில விலங்குகள் அதைச் சுமக்கும். ஆகவே இறந்த குட்டியைக் குளத்தில் எறியாமல், உறையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். தொட்டியில் இருந்த நீரையும் நீர்நிலையில் ஊற்றாதீர்கள்; சலவை ப்ளீச்சைச் சிறிது கலந்து கால் மணி நேரம் வைத்துக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள்.

இவ்வளவையும் எழுதியபின், நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்றுக்கும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இவற்றைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது என்பது என் முடிவு. இரண்டு குட்டிகளை எடுத்ததால் குளத்துத் தேரைக் கூட்டம் அழிந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஒரு பெண் தேரை ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை முதலாண்டைக் காண்பதில்லை. என் தயக்கத்துக்குக் காரணம் வேறு. இந்த அளவில் உள்ள குட்டிக்கு நாள்தோறும் மில்லிமீட்டர் கணக்கில் உயிருள்ள இரையைத் தவறாமல் தேடித்தருவது, அனுபவமுள்ளவர்களுக்கே சலிப்பூட்டும் வேலை. சில நாள் தவறினால் குட்டி மிஞ்சாமல் போகலாம். தப்பி வளர்ந்தாலோ, தேரை பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. உங்கள் மகன் பள்ளி முடித்து வெளியூர் போனபின்பும் அது உங்கள் பொறுப்பாக இருக்கும். தவிர, காட்டுத் தவளைகளைப் பிடித்து வைத்திருப்பதற்குப் பல நாடுகளில் அனுமதி தேவை. சில இனங்களுக்கு முழுத் தடையே உண்டு. 2023-இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, நீர்நில வாழ்விகளில் ஐந்தில் இரண்டு இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன. எனவே சட்டம் கண்டிப்பாக இருப்பதில் வியப்பில்லை.

திரும்ப விடுவதற்கும் நிபந்தனை உண்டு. வேறிடத்துத் தவளைகளோடோ கடையில் வாங்கிய உயிர்களோடோ ஒன்றாக வைத்திருந்தால், அங்கிருந்து ஏறிய நோய் குளத்துக்குப் போய்விடும் என்பதால் விடவே கூடாது. உங்கள் தொட்டி பல மாதங்கள் காய்ந்து கிடந்தது. மூன்றும் ஒரே குளக்கரையிலிருந்து வந்தவை. பிடித்து மூன்று நாள்களே ஆகின்றன. ஆகவே இப்போது விடலாம், இன்னும் சில வாரம் கழித்து என்றால் நான் தயங்குவேன். ஆனால் ஒரு பரிசோதனையைச் செய்துவிடுங்கள்: கவிழ்த்தால் உடனே நிமிர்கிறதா, வயிற்றுத்தோல் சிவப்பின்றி இருக்கிறதா, அசையும் பூச்சியைக் கண்டால் திரும்புகிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால், மாலை வெயில் தாழ்ந்ததும், பிடித்த அதே புல்வெளியில் தேரையைச் சருகுக்கடியிலும் மரத்தவளையைத் தாழ்ந்த புதரின் இலைமேலும் விடுங்கள். தண்ணீருக்குள் வீச வேண்டாம். சோர்ந்து தெரிந்தால், தாடை உயரத்தைத் தாண்டாத சுத்தமான நீரில் கால் மணி நேரம் உட்காரவைத்து, ஒரு நாள் உணவு கொடுத்துத் தேற்றிய பின் விடலாம். மகனுக்கு ஏமாற்றம் இருக்கும். தோட்டத்தில் நிழலான மூலையில் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் கற்கள் போட்ட ஆழமில்லாத நீர்த்தட்டை வைத்து, பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்தினால், தேரைகள் தாமாகவே வந்து தங்குவதை அவன் பார்க்கக்கூடும்.

இறுதியாக விஷமும் நாயும். தேரையைத் தொட்டால் மரு வராது. மரு மனிதரிடையே பரவும் ஒரு வைரசால் வருவது. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலும் முதுகுப் பருக்களிலும் ஊறும் பால்போன்ற கசிவில், இதயத்துடிப்பைக் குலைக்கும் பொருள்கள் உண்டு. காயமில்லாத தோல் வழியே அது எளிதில் ஊடுருவாது. ஆனால் கண்ணிலோ வாயிலோ பட்டால் கடுமையாக எரியும். நகத்தளவுக் குட்டியில் இந்தச் சுரப்பிகள் இன்னும் வளராததால் நஞ்சும் மிகக் குறைவே. உங்கள் நாய்க்கு உண்மையான அபாயம் அதே குளக்கரையில் இரவில் உலவும் வளர்ந்த தேரைகளால்தான் வரும். கரும்புத் தேரையும் சொனோரா பாலைவனத் தேரையும் நாயைக் கொல்லும் அளவுக்கு நஞ்சுள்ளவை. மற்றப் பெரும்பாலான இனங்களைக் கவ்வினால் நுரைதள்ளி எச்சில் வடிந்து, சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். நாய் தேரையைக் கவ்வியதைக் கண்டால் ஈரத்துணியால் ஈறுகளையும் நாக்கையும் துடைத்து, தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, விழுங்காதபடி வாயின் பக்கத்திலிருந்து நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். ஈறு செக்கச் சிவந்தாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, கழுவுவதில் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். போகும்போது தேரையின் படம் ஒன்று கைப்பேசியில் இருந்தால் நல்லது.